மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: மருத்துவமனையில் கண்டறிவதற்கும் கண்காணிப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புத்திறன் கண்காணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, லேபில் என்ன இயந்திரம் இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. போன மாதம் எத்தனை பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) வந்தது, அதில் எத்தனை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுத்தது என்று கேட்டால் போதும். இதற்குப் பதில் தெரியாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கே கண்காணிப்பு நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

2019-இல் மட்டும் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவே நேரடிக் காரணம் என்று 2022-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. பல நாடுகளிலிருந்து போதிய தரவு இல்லாததால் அதில் பெரும்பகுதியைக் கணித மாதிரிகளைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருந்தது. எடுக்கப்படாத கல்ச்சரும் பதிவேறாத ரிசல்ட்டும் சேர்ந்து உண்டாக்கிய ஓட்டை அது. லேப் பொறுப்பாளர்கள், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்கள், ஐசியு மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து, அந்த ஓட்டையை அடைக்கும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

## படி 1: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாக் கிருமிகளையும் ஒரே தீவிரத்துடன் துரத்த முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்டு 2024-இல் புதுப்பித்த முன்னுரிமைப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அதன் உச்ச வகுப்பில் கார்பபெனம் (கடுமையான தொற்றுகளுக்கென வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக் வகுப்பு) மருந்துகளுக்கு அடங்காத அசினெடோபாக்டர் பௌமானி இருக்கிறது. கார்பபெனத்துக்கோ மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கோ அடங்காத எண்டரோபாக்டரேல்ஸ் குழுவும் (கிளெப்சியெல்லா, ஈ.கோலை முதலியவை) அதே வகுப்பில் உள்ளது. எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்), வான்கோமைசினுக்கு அடங்காத எண்டரோகாக்கஸ் ஃபேசியம், கார்பபெனத்துக்கு அடங்காத சூடோமோனாஸ் ஆகியவை அடுத்த வகுப்பில் வருகின்றன.

இதிலிருந்து உங்கள் மருத்துவமனைக்கான எச்சரிக்கைப் பட்டியலைத் தயாரியுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு ஆர் (‘அடங்காது’ என்ற ரிசல்ட்) வந்தால், யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும்.

பட்டியலில் ‘எம்டிஆர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். 2012-இல் வெளியான பன்னாட்டு வரையறைப்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகுப்புகளில் தலா ஒரு மருந்துக்காவது அடங்காததே எம்டிஆர். ஓரிரு வகுப்புகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அடங்காவிட்டால் எக்ஸ்டிஆர். எதற்குமே அடங்காவிட்டால் பிடிஆர். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய அர்த்தத்தில் எழுதினால் இந்த ஆண்டு எண்ணிக்கையைப் போன ஆண்டுடன் ஒப்பிடவே முடியாது.

## படி 2: மாதிரி எடுப்பது

மொத்த வேலையும் கெட்டுப்போவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இதுதான். பிளேட்டில் வளர்வதைத்தான் நாம் எண்ணப் போகிறோம். தவறான மாதிரி வந்தால் அந்தத் தவறையும் அச்சுப்பிசகாமல் எண்ணிவைப்போம்.

பிளட் கல்ச்சரில் முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தின் அளவு. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. தேவை. இரண்டு செட், அதாவது நான்கு பாட்டில், வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி எடுக்க வேண்டும். பெரியவர்களின் இரத்தத்தில் பாக்டீரியா எண்ணிக்கை பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், 3 மி.லி. மட்டும் எடுத்து அனுப்பினால் தொற்று இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம். பாட்டில் லேபுக்கு வந்ததும் எடைபோட்டுப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். சில மாதங்கள் இதைச் செய்து வார்டு வாரியாகக் காட்டுங்கள், எடுக்கும் அளவு தானாகக் கூடும்.

ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தபின் அது காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தக் காத்திருப்புதான். மாசுபட்ட கல்ச்சர் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நெடுங்கால அளவுகோல். கவனமாக எடுக்கும் இடங்களில் 1 சதவீதத்தையும் எட்ட முடிகிறது. எடுத்த பாட்டிலை ஒருபோதும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

சிறுநீரில் இதற்கு நேர்மாறு. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அல்லது போரிக் அமிலம் உள்ள குப்பியில் எடுக்க வேண்டும். கதீட்டர் உள்ளவர்களுக்கு மாதிரித் துளையிலிருந்து எடுக்க வேண்டும். பையில் தேங்கிய சிறுநீரில் வளர்வதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சளியைக் கல்ச்சர் போடும் முன் கிராம் சாயமிட்டுப் பாருங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு எபிதீலியல் செல்கள் 10-க்குக் குறைவாகவும் வெள்ளையணுக்கள் 25-க்கு மேலும் இருந்தால் அது சளி. தலைகீழாக இருந்தால் எச்சில். புண்ணின் மேற்பரப்பைத் தடவிய ஸ்வாபைவிட, சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுத்த சீழோ திசுவோ பல மடங்கு பயனுள்ளது. பிளட் கல்ச்சர் எதுவும் இல்லாமல் கதீட்டர் நுனியை மட்டும் அனுப்பும் பழக்கத்தை நிறுத்திவிடலாம்.

தகுதியில்லாத மாதிரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் லேபுக்கு எழுத்தில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் வார்டில் கோபம் வரும், வரட்டும். இரத்தம், தண்டுவடத் திரவம் போல மறுபடி எடுக்க முடியாதவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, ரிப்போர்ட்டில் குறைபாட்டைக் குறிப்பிடுங்கள்.

## படி 3: சென்சிட்டிவிட்டி பரிசோதனை

விட்டெக், ஃபீனிக்ஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் இருந்தாலும் டிஸ்க் பரிசோதனையை (கிருமி பூசிய அகார் பிளேட்டில் மருந்து வில்லையை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்பது) கைவிடக்கூடாது. செலவு குறைவு, எந்த மருந்தை வேண்டுமானாலும் சேர்க்கலாம், வட்டத்துக்குள் தனித்து வளரும் ஓரிரு காலனிகளைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் காலனிகளை ‘ஏதோ கலந்துவிட்டது’ என்று தள்ளிவிடாமல் தனியே எடுத்து வளர்த்துப் பாருங்கள். சில சமயம் எதிர்ப்புத்திறன் முதலில் தலைகாட்டுவதே அப்படித்தான்.

முறை எளிது, ஆனால் நழுவ இடமில்லை. கிருமிக் கலவையின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவில் இருக்க வேண்டும், அதாவது மி.லி.க்குச் சுமார் 15 கோடி செல்கள். கண்ணால் ஒப்பிடுவதைவிட அளவியால் பார்ப்பது நல்லது. 15 நிமிடத்துக்குள் பிளேட்டில் பூசிவிட வேண்டும். முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் வட்டம் சுருங்கி, அடங்கும் கிருமியும் அடங்காததாகத் தெரியும். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைத்தபின் படிக்க வேண்டும். ஈ.கோலை ஏடிசிசி 25922, சூடோமோனாஸ் ஏடிசிசி 27853, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஏடிசிசி 25923 போன்ற தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகளின் (வர வேண்டிய ரிசல்ட் முன்பே தெரிந்த, எண்ணிட்ட கிருமிகள்) வட்ட அளவு எல்லைக்கு வெளியே போனால், காரணம் தெரியும்வரை அந்த மருந்தின் ரிசல்ட்டை வெளியிடாதீர்கள்.

டிஸ்க் பொய் சொல்லும் இடங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு டிஸ்க்கும் வேண்டாம், ஸ்ட்ரிப்பும் வேண்டாம். பிராத் மைக்ரோடைலூஷன்தான் (திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்து வைத்துப் பார்ப்பது) அடிப்படை முறை. அது முடியாத லேபில், பிராத்தில் டிஸ்க்கைக் கரைத்துச் செய்யும் எளிய முறையை சிஎல்எஸ்ஐ (அமெரிக்காவின் ஆய்வகத் தரநிலை அமைப்பு) ஏற்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸில் வான்கோமைசின் டிஸ்க்கும் நம்பத்தக்கதல்ல, எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு) பார்த்தே ஆக வேண்டும்.

ரிசல்ட்டை வெளியிடும் முன் ஒரு கேள்வி: இப்படி நடக்கச் சாத்தியம் உண்டா? கிளெப்சியெல்லா நிமோனியேவுக்கு ஆம்பிசிலினிடம் இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு. புரோட்டியசுக்கும் செராஷியாவுக்கும் கோலிஸ்டினிடமும், எண்டரோகாக்கசுக்கு செஃபலோஸ்போரின்களிடமும் அப்படியே. இவற்றில் எஸ் (‘அடங்கும்’ என்ற ரிசல்ட்) வந்தால் கிருமியின் அடையாளமோ பரிசோதனையோ தவறு. எதிர்த்திசையில், கார்பபெனம் வேலைசெய்து மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் எல்லாம் தோற்றால் வியக்க வேண்டாம், அது ஈஎஸ்பிஎல் (செஃபலோஸ்போரின்களைச் சிதைக்கும் நொதி) ஆக இருக்கலாம். குழு ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினுக்கு ஆர் என்று வந்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

இந்தப் படியில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத ஒன்று உண்டு. எஸ், ஐ, ஆர் என்ற எழுத்தை மட்டும் பதிவு செய்யாதீர்கள், மி.மீ. அளவையும் எம்ஐசி எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். எழுத்தைத் தீர்மானிக்கும் எல்லைகள் மாறும். 2010-இல் சிஎல்எஸ்ஐ எண்டரோபாக்டரேல்ஸுக்கான கார்பபெனம் எல்லைகளைக் குறைத்தது. கார்பபெனம்களில் ஒன்றான மெரோபெனத்தின் எம்ஐசி 4 என்றால் அதற்கு முன் எஸ், அதற்குப் பின் ஆர். 2019-இல் யூகாஸ்ட் (சிஎல்எஸ்ஐ போன்ற ஐரோப்பியக் குழு) ‘ஐ’ என்ற எழுத்தின் பொருளையே ‘அதிக அளவு மருந்து கொடுத்தால் அடங்கும்’ என்று மாற்றியது. எண் கையில் இருந்தால் பழைய தரவைப் புதிய எல்லையில் மறுபடி கணக்கிடலாம். வெறும் எழுத்து மட்டும் இருந்தால், கிருமி மாறியதா விதி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தானியங்கிக் கருவி எந்த ஆண்டின் எல்லைகளைப் பயன்படுத்துகிறது என்றும் இன்றே பாருங்கள். பழைய எல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் அரிதல்ல.

## படி 4: எந்த வழியில் எதிர்க்கிறது?

எம்ஆர்எஸ்ஏவைப் பிடிக்க செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க் போதும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் எம்ஆர்எஸ்ஏ. எரித்ரோமைசின், கிளிண்டமைசின் டிஸ்க்குகளை அருகருகே வைத்து, கிளிண்டமைசின் வட்டம் ஒரு பக்கம் தட்டையாகிறதா என்று பார்த்து, கிளிண்டமைசினிடம் மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் டி-டெஸ்ட்டையும் விடாதீர்கள். ஈ.கோலை, கிளெப்சியெல்லாவில் ஈஎஸ்பிஎல் உறுதிசெய்ய, செஃபடாக்சிமையும் செஃப்டாசிடிமையும் தனியாகவும், அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனிக் அமிலத்துடனும் வைக்க வேண்டும். சேர்த்து வைத்ததில் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் பாசிட்டிவ்.

கார்பபெனத்தைச் சிதைக்கும் நொதியான கார்பபெனமேஸ்தான் கவலைக்குரியது. அதைக் கண்டறியும் எம்சிஐஎம் பரிசோதனைக்கு எந்தச் சிறப்புக் கருவியும் தேவையில்லை. சந்தேகக் கிருமியை 2 மி.லி. பிராத்தில் கலந்து, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க் ஒன்றைப் போட்டு நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்து, ஈ.கோலை ஏடிசிசி 25922 பூசிய பிளேட்டில் வைத்து இரவு முழுக்க வளர்க்க வேண்டும். கிருமி மருந்தைச் சிதைத்திருந்தால் டிஸ்க்கில் சக்தி மிஞ்சாது, வட்டம் 15 மி.மீ.க்கு மேல் போகாது. 19 அல்லது அதற்கு மேல் என்றால் நெகட்டிவ். இடையில் வந்தால் மறுபடி செய்ய வேண்டும். இதே பரிசோதனையை இடிடிஏ சேர்த்தும் செய்து, வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால் என்டிஎம் போன்ற மெட்டல்லோ வகை (செயல்பட உலோக அயனி தேவைப்படும் கார்பபெனமேஸ்).

இந்த வேறுபாடு வெறும் ஆராய்ச்சி ஆர்வத்துக்கானதல்ல. செஃப்டாசிடிம்-அவிபேக்டம் என்ற கூட்டு மருந்து கேபிசி, ஆக்ஸா-48 ஆகிய கார்பபெனமேஸ் வகைகளிடம் வேலைசெய்யும், தனியாகக் கொடுத்தால் என்டிஎம்மிடம் தோற்கும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவருக்கு இந்த ஒரு வரி வேண்டும். வசதி இருந்தால் முக்கியமான ஐந்து மரபணுக் குடும்பங்களையும் சுமார் ஒரு மணி நேரத்தில் சொல்லும் கார்ட்ரிட்ஜ் பிசிஆர் கிடைக்கிறது. ஆனால் அது பட்டியலில் உள்ள மரபணுக்களை மட்டுமே தேடும். ஆக்ஸா-48 கார்பபெனத்தை மெதுவாகவே சிதைப்பதால் எம்ஐசி அதிகம் உயராமல் ஒளிந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## படி 5: நோயில்லாமல் சுமப்பவர்களைத் தேடுவது

கல்ச்சரில் பாசிட்டிவ் வருவோர் ஒரு பகுதிதான். அவர்களைவிடப் பலர் காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் குடலில் இதே கிருமியைச் சுமந்துகொண்டு அடுத்த கட்டிலில் இருப்பார்கள். கார்பபெனத்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாவுக்கு மலக்குடல் ஸ்வாப் எடுக்க வேண்டும். ஸ்வாபில் மலத்தின் நிறம் தெரிய வேண்டும், வெள்ளையாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். எம்ஆர்எஸ்ஏவுக்கு மூக்கு. குரோமோஜெனிக் அகாரில் போட்டால் மறுநாளே நிறத்தைப் பார்த்துச் சந்தேகக் காலனிகளைப் பிரிக்கலாம்.

எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. ஐசியுவில் சேர்பவர்கள், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டு வருபவர்கள், புதிதாகப் பாசிட்டிவ் ஆனவருடன் அதே அறையில் இருந்தவர்கள் என்று தொடங்கலாம். இங்கே பாசிட்டிவ் வந்தவருக்கு அந்தக் காரணத்துக்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக்கூடாது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் யாராவது மருந்து தொடங்கிவிடுவார்கள்.

## படி 6: தகவல் போய்ச் சேர வேண்டும்

பிளட் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆனால் கிராம் சாய ரிசல்ட்டை ஒரு மணி நேரத்துக்குள் ஃபோனில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொன்னதை உறுதிசெய்து, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலிலிருந்தே நேரடியாக டிஸ்க் வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கும் யூகாஸ்ட் விரைவு முறை ஒரு நாளை மிச்சப்படுத்தும். அதற்குத் தனி எல்லைகள் உண்டு, வழக்கமான அட்டவணையைப் பயன்படுத்தக்கூடாது.

எச்சரிக்கைக் கிருமி என்றால் அழைப்பு இரண்டு: ஒன்று சிகிச்சை தரும் மருத்துவருக்கு, இன்னொன்று தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுக்கு. தனி அறை, கையுறை, கவுன், அந்த நோயாளிக்கென்றே ஸ்டெதாஸ்கோப், எல்லாம் அன்றே தொடங்க வேண்டும். நோயாளியின் பதிவேட்டில் கொடி வையுங்கள், அடுத்த முறை அவர் வரும்போது பதிவு மேசையிலேயே தெரிய வேண்டும்.

## படி 7: எண்ணுவது

தரவைச் சேர்க்க வோநெட் மென்பொருள் இலவசம். 1989-இலிருந்து இருக்கிறது, எந்தக் கருவியின் தரவையும் இதற்குள் கொண்டுவர வழி உண்டு. கஷ்டம் மென்பொருளில் இல்லை, யாரை எண்ணுவது என்பதில்தான்.

ஒரு கணக்கு போடுவோம். ஓர் ஆண்டில் 30 பேரிடம் கிளெப்சியெல்லா வளர்ந்தது. 24 பேருக்கு மெரோபெனம் எஸ், 6 பேருக்கு ஆர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 பேர் ஐசியுவில் நீண்ட நாள் கிடக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் ஐந்து முறை கல்ச்சர் போகிறது. எல்லாப் பிளேட்டையும் எண்ணினால் 54-இல் 24, அதாவது 44 சதவீதம்தான் எஸ். ஒரு நோயாளிக்கு அந்த ஆண்டின் முதல் கல்ச்சரை மட்டும் எடுத்தால் 80 சதவீதம். இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு சிகிச்சை முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். ‘ஒரு நோயாளி, ஒரு கிருமி, முதல் மாதிரி’ என்ற விதியை ஆன்டிபயோகிராமுக்கான (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்குகிறது என்ற ஆண்டு அட்டவணை) சிஎல்எஸ்ஐ வழிகாட்டி வலியுறுத்துவது இதனால்தான். ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 நோயாளிகளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 இருந்தாலும் 80 என்பது உறுதியான எண் அல்ல. 95 சதவீத நம்பக எல்லை சுமார் 63 முதல் 90 வரை விரியும். அடுத்த ஆண்டு 74 வந்தால் அலற வேண்டாம்.

படி 5-இல் தேடிப்பிடித்த ஸ்வாப்களை இதில் கலக்கக்கூடாது. ஐசியுவையும் வார்டையும் பிரியுங்கள். முதல் வரிசை மருந்து தோற்றால் மட்டும் பரிசோதிக்கும் மருந்துகளின் சதவீதத்தை வெளியிடாதீர்கள், ஏற்கெனவே வலுத்த கிருமிகளின் சதவீதம் மட்டுமே அது.

சதவீதத்தோடு விகிதமும் வேண்டும். ஒரு காலாண்டில் 12 புதிய நோயாளிகள், மொத்த நோயாளி-நாட்கள் (ஒவ்வொரு நாளும் உள்நோயாளியாக இருந்தவர்களின் கூட்டுத்தொகை) 9,000 என்றால் 1,000 நோயாளி-நாட்களுக்கு 1.33. அனுமதிக்கப்பட்டு 48 மணி நேரத்துக்குப் பின் எடுத்த மாதிரியில் முதன்முதலாக வந்தால் மருத்துவமனையில் தொற்றியது, அதற்குள் என்றால் வெளியிலிருந்து வந்தது என்று பிரிப்பது வழக்கம். கச்சிதமான கோடு இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே கோட்டைப் போடுவதால் பயன் உண்டு. இதற்குப் பக்கத்திலேயே 1,000 நோயாளி-நாட்களுக்கு எத்தனை பிளட் கல்ச்சர் எடுக்கப்பட்டது என்பதையும் போடுங்கள். கல்ச்சர் எண்ணிக்கை இரட்டித்த காலாண்டில் தொற்றும் கூடியதாகத் தெரியும். கல்ச்சரை நிறுத்திவிட்ட வார்டு எப்போதும் சுத்தமாகவே தெரியும்.

ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டையும் 1,000 நோயாளி-நாட்களுக்கு வரையறுத்த தினசரி அளவில் (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கான சராசரி மருந்தளவு) கணக்கிட்டு அதே படத்தில் வரைந்தால் மருந்துக் குழுவின் கூட்டம் சீக்கிரம் முடியும்.

## படி 8: கொத்தாக வந்தால்

கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி இதுவரை வராத மருத்துவமனையில் முதல் நோயாளியே எச்சரிக்கை மணி. ஏற்கெனவே உள்ள இடத்தில், ஒரே வார்டில் இரண்டு வாரத்துக்குள் ஒரே மாதிரி சென்சிட்டிவிட்டியோடு இருவர் வந்தால் விசாரணை தொடங்குவது என் வழக்கம். பல முறை ஒன்றும் இருக்காது, பரவாயில்லை. யார், எந்தக் கட்டில், எந்தத் தேதி, எந்த வென்டிலேட்டர், எந்த எண்டோஸ்கோப் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.

ஒரே சென்சிட்டிவிட்டி என்பதால் ஒரே கிருமி என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் 2011-இல் கேபிசி கிளெப்சியெல்லா பரவியது. முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்தே அடுத்தவரிடம் கிருமி தெரிந்தது. தேதிகளை மட்டும் பார்த்தால் தொடர்பே இல்லை. முழு மரபணு வரிசையைப் படித்தபோது எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. மொத்தம் 18 பேர், இறந்தவர்கள் 11, அதில் 6 இறப்புகளுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று கணித்தார்கள். இடைவெளியை நிரப்பியவர்கள் அறிகுறியில்லாமல் சுமந்தவர்கள். இன்று வரிசைப்படுத்தும் வசதி உங்களிடம் இல்லாவிட்டாலும், எச்சரிக்கைக் கிருமிகளைக் கிளிசரால் கலந்து மைனஸ் 70 டிகிரியில் சேமியுங்கள். தூக்கி எறிந்த பிளேட்டிலிருந்து எதையும் வரிசைப்படுத்த முடியாது.

அந்த மருத்துவமனையில் கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும் கிருமி கிடைத்தது. வடிகால் வளைவில் படியும் பாக்டீரியாப் படலம் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலேறும் என்று 2017-இல் ஒரு சோதனைக்கூட ஆய்வு காட்டியது. வடிகட்டியை எட்டியபின் குழாய் நீர் விழும் வேகத்தில் சுற்றிலும் தெறிக்கும். மீதமான பானம், சத்துத் திரவம், ஆன்டிபயாட்டிக் எதையும் அந்தத் தொட்டியில் ஊற்றக்கூடாது. தொட்டிக்கு ஒரு மீட்டருக்குள் மருந்து கலக்கும் மேசை இருந்தால் நகர்த்துங்கள். கொத்து எதுவும் இல்லாத காலத்தில் சுவர், கட்டில் என்று மாதாமாதம் ஸ்வாப் எடுத்துக் கோப்பில் அடுக்குவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பிளேட்டுகளின் செலவில் பிளட் கல்ச்சர் பாட்டில்கள் வாங்கலாம்.

## ஒன்றுமில்லாமல் தொடங்குபவர்களுக்கு

எட்டுப் படியையும் ஒரே மாதத்தில் ஏறப் பார்க்காதீர்கள். முதல் காலாண்டில் பிளட் கல்ச்சர் மட்டும்: இரத்தத்தின் அளவு, மாசு சதவீதம், ஆன்டிபயாட்டிக்குக்கு முன் எடுத்ததா என்ற மூன்று விவரங்கள். இரண்டாவது காலாண்டில் தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகள், செஃபாக்சிடின், எம்சிஐஎம். வோநெட்டில் பதிவை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள், மி.மீ. அளவோடு. ஐசியுவில் மலக்குடல் ஸ்வாப் மூன்றாவது காலாண்டுக்கு. முதல் ஆன்டிபயோகிராமை ஓர் ஆண்டு முடிந்தபின் போடுங்கள். அதில் 30-ஐ எட்டாத கிருமிகளின் கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள்.